தொட்டுப் பாக்குற கனடா மேப்: மூணு மாசம் சுவத்துல மாட்டி வச்ச அப்புறம் எழுதுறேன்

போன கோடையில குடும்பத்தோட டொராண்டோவுல இருந்து வான்கூவர் வரைக்கும் கார்லயே போயிட்டு வந்தோம், மூணு வாரம். வந்ததுல இருந்து சின்னவன் தினம் ஒரு தடவையாவது "அப்பா, நாம ஏறின மலை எங்க இருக்கு"ன்னு கேட்டுட்டே இருந்தான். ஃபோன்ல காட்டினா அவனுக்குப் பிடிக்கல, ஏன்னா அதுல எல்லாமே தட்டையா இருக்கு, ரெண்டு விரல வச்சு விரிச்சா ரோடு பெருசாகுதே தவிர மலை பெருசாகல. அப்பதான் ஆன்லைன்ல ஒரு கடையில இந்த ரிலீஃப் மேப்பப் பாத்தேன், பிளாஸ்டிக்ல மலையெல்லாம் புடைச்சுக்கிட்டு நிக்கும், கையால தடவிப் பாக்கலாம். 89 டாலர், வரி 13 சதவீதம், ஆக நூறத் தாண்டிருச்சு, டெலிவரி தனி. வீட்டுல "ஒரு மேப்புக்கா நூறு டாலர்"னு ஒரு பார்வை வந்துச்சு, நான் கண்டுக்கல.

முதல்ல டெலிவரி கதை. இந்த மேப்ப சுருட்ட முடியாது, சுருட்டினா மலையெல்லாம் போயிரும், அதனால ஒரு மீட்டருக்கு மேல அகலமான அட்டைப்பெட்டியில வந்துச்சு, கொண்டு வந்தவர் அதக் கதவுல இடிச்சாரா வண்டியில இடிச்சாரான்னு தெரியல, இடது மூலை நசுங்கி இருந்துச்சு. திறந்து பாத்தா நசுங்கினது எந்த இடம்னு நினைக்கிறீங்க? யூகான்ல மவுன்ட் லோகன். 5,959 மீட்டர், கனடாவுலயே உயரமான மலை, அது சொட்டையாகி உள்ள போயிருந்துச்சு. பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. கடைக்கு ஃபோட்டோ அனுப்பினேன், திருப்பி அனுப்பச் சொன்னாங்க, அந்தப் பெட்டியத் தூக்கிட்டு போஸ்ட் ஆபீஸ் போற யோசனையே வேணாம்னு விட்டுட்டேன், 20 டாலர் திருப்பிக் கொடுத்தாங்க. அப்புறம் எங்க அம்மா, பெத்தவங்க ரொம்ப நாள் தங்குறதுக்குக் கொடுக்குற சூப்பர் விசாவுல வந்து எங்களோடதான் இருக்காங்க, ஹேர் டிரையர்ல கொஞ்சம் சூடு காட்டி பின்பக்கத்துல இருந்து டீஸ்பூனால அமுக்கி லோகன மறுபடி எழுப்பி விட்டாங்க. இப்ப கொஞ்சம் கோணலா நிக்குது, ஆனா நிக்குது.

அப்பதான் அம்மா மேப்பத் திருப்பிப் பாத்துட்டு "டேய், பின்னாடி பணியாரச் சட்டி மாதிரி குழி குழியா இருக்குடா"ன்னாங்க. உண்மையிலயே அப்படித்தான், ஏன்னா முதல்ல தட்டையான பிளாஸ்டிக் ஷீட்ல மேப்ப பிரிண்ட் பண்ணி, அப்புறம் சூடு பண்ணி அச்சு மேல போட்டு காத்த உறிஞ்சி எடுத்து அழுத்துறாங்க, முன்பக்கம் மலைன்னா பின்பக்கம் குழி. இது தெரிஞ்சுக்கிட்டா இந்த மேப்போட பாதி நல்லதும் கெட்டதும் எங்க இருந்து வருதுன்னு புரிஞ்சிரும், கீழ வரேன்.

ஸ்கேல் ஒரு சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர். கனடா கிழக்கு மேற்கா சுமார் 5,500 கிலோமீட்டர், அதனாலதான் மேப் 110 சென்டிமீட்டர் அகலம். இங்கதான் ஒரு கணக்கு பாத்தேன், எனக்கே ஆச்சரியமாப் போச்சு. இதே ஸ்கேல்ல மலையையும் நியாயமா காட்டினா, லோகனோட உயரம் 1.2 மில்லிமீட்டர்தான் வரும். அவ்ளோதான்! கனடாவுலயே பெரிய மலை ஒரு அரிசிய படுக்கப் போட்ட அளவு கூட இல்ல. அதனால உயரத்த மட்டும் 10 மடங்கு பெருசாக்கி இருக்காங்க, பெட்டியிலயே சின்ன எழுத்துல போட்டிருக்கு. 10 மடங்குல லோகன் 12 மில்லிமீட்டர், கைக்கு நல்லா தெரியுது. இது ஏமாத்து வேலை இல்ல, ரிலீஃப் மேப் எல்லாமே இப்படித்தான், ஆனா வாங்குறவங்களுக்கு இது தெரியணும், இல்லேன்னா ராக்கி மலை எல்லாம் ஊசி மாதிரி செங்குத்தா நிக்கும்னு பசங்க நினைச்சுக்குவாங்க.

நல்ல விஷயம்னா மேற்குப் பக்கம்தான், அதுக்கே காசு கொடுக்கலாம். ராத்திரி ரூம் லைட்ட அணைச்சுட்டு ஃபோன் டார்ச்ச பக்கவாட்டுல இருந்து அடிச்சுப் பாருங்க, ஒவ்வொரு மலைத்தொடரும் நிழல் விழுந்து தனித்தனியா தெரியும். ராக்கிக்கு மேற்கால ஒரு நேர்கோடு மாதிரி பள்ளம் ஒண்ணு தெக்கு வடக்கா போகுது, நகத்த வச்சு இழுத்தா அப்படியே வழுக்கிக்கிட்டே போகும், ராக்கி மவுன்டன் ட்ரெஞ்ச்னு பேரு, மொத்தம் 1,600 கிலோமீட்டர், அமெரிக்காவுல மொன்டானாவுல ஆரம்பிச்சாலும் பெரும்பகுதி இங்கதான். நாங்க கோல்டன் ஊர்ல ஒரு ராத்திரி தங்கினோம், அது அந்தப் பள்ளத்துக்குள்ளதான் இருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது, ரெண்டு பக்கமும் மலை இருக்கேன்னு மட்டும் பாத்தேன். கொலம்பியா ஆறு அந்தப் பள்ளத்துலயே வடக்கால ஓடி, அப்புறம் யு டர்ன் போட்டு தெக்க திரும்புறதும் இதுல பாத்துதான் புரிஞ்சுது. ஃபோன்ல பாத்தா "ஏன் இந்த ஆறு இப்படிக் கிறுக்குத்தனமா போகுது"ன்னு தோணும், இதுல தொட்டா அதுக்கு வேற வழியே இல்லன்னு தெரியுது.

அம்மாவுக்கு ஒரு விளையாட்டு வச்சோம், கண்ண மூடிக்கிட்டு கால்கரியில ஆள்காட்டி விரல வச்சு மேற்கால நகத்தணும். கால்கரியே 1,045 மீட்டர், அதுல இருந்து ஏறி கிக்கிங் ஹார்ஸ் கணவாய் 1,627 (1858ல சர்வேக்கு வந்த ஜேம்ஸ் ஹெக்டர அவரோட குதிரையே உதைச்சதால வந்த பேரு, இத சின்னவன் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுவான்), அங்க இருந்து கோல்டன்ல டபக்குன்னு இறங்கும், மறுபடி ரோஜர்ஸ் பாஸ் 1,330, மறுபடி ரெவல்ஸ்டோக்ல 480க்கு விழும், காம்லூப்ஸ் 345, அப்புறம் கோக்கிஹல்லா ரோட்டுல 1,244 வரைக்கும் ஏறி, ஹோப் ஊர்ல கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்கே வந்துரும், வெறும் 40 மீட்டர் சொச்சம். அம்மா கண்ண மூடிக்கிட்டே "ஏறுது... இறங்குது... அட மறுபடி ஏறுதுடா"ன்னு சொல்லிக்கிட்டே போய் "இங்கதானே எனக்கு வாந்தி வந்துச்சு"ன்னு கரெக்டா கோக்கிஹல்லா இறக்கத்துல நிறுத்தினாங்க. எனக்கு அங்கயே நூறு டாலர் செரிச்சுருச்சு.

வடக்குப் பக்கமும் நான் எதிர்பாக்காதது. ஆர்க்டிக் தீவெல்லாம் தட்டையான பனிக்கட்டின்னுதான் இவ்ளோ நாள் நினைச்சுட்டு இருந்தேன், தொட்டா பேஃபின் தீவோட கிழக்குக்கரையும் எல்ஸ்மியர் தீவும் முள்ளு முள்ளா குத்துது, எல்ஸ்மியர்ல பார்போ பீக் 2,616 மீட்டராம். லாப்ரடார் நுனியில டார்ன்காட் மலை, அதுவும் 1,652 மீட்டர் வரைக்கும் போகுது. ஆக மேற்குல விளிம்பு, வடகிழக்குல விளிம்பு, நடுவுல ஹட்சன் விரிகுடா, சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கு மொத்த நாடும். நடுவுல பள்ளமா இருக்குறதுக்கு பனியுகத்து பனிப்பாளமும் ஒரு காரணம், கிலோமீட்டர் கணக்குல கனமா அது மேல உக்காந்து அமுக்கி வச்சிருந்துச்சு, உருகின அப்புறம் தரை இன்னைக்கும் மெதுவா எழும்பிக்கிட்டே இருக்கு, ஹட்சன் விரிகுடா பக்கம் வருஷத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர். மேப்பு அதுக்குள்ள பழசாயிரும்னு பயப்பட வேணாம், நூறு வருஷம் ஆனாலும் இந்த ஸ்கேல்ல நூல் அளவு கூட மாறாது.

சரி இப்ப குறை. எனக்கு இருக்குற பெரிய குறை ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அது நாட்டுல பாதிக்கு மேல உள்ள குறை. இந்த மேப்ப மட்டும் தடவிப் பாத்தவங்க மேற்குலயும் வடக்கு ஓரத்துலயும் மட்டும்தான் மேடு பள்ளம் இருக்கு, மத்ததெல்லாம் தோசைக்கல்லுன்னு நினைச்சுக்குவாங்க. சூப்பீரியர் ஏரிக்கு வடக்கால வண்டி ஓட்டினவங்களக் கேளுங்க. சூ செயின்ட் மேரி தாண்டி வாவா போற வரைக்கும் ரோடு பாறையப் பிளந்து ஏறுது, ஏரிக்கு இறங்குது, மறுபடி ஏறுது, மான்ட்ரியல் ரிவர் ஹில்னு ஒரு ஏத்தம் இருக்கு, எங்களுக்கு முன்னாடி போன லாரி நடந்து போற வேகத்துக்கு வந்துருச்சு, பின்னாடி நாங்க பதினஞ்சு வண்டி ஊர்வலம். இங்க ரோடு போட முடியாமத்தான் டிரான்ஸ் கனடா ஹைவே ஏரிக்கரையில ரொம்ப நாள் துண்டாவே கிடந்துச்சு, அந்த இடைவெளி 1960லதான் மூடினாங்க. அவ்ளோ முரட்டுப் பாறை, 250 கோடி வருஷத்துக்கு மேல பழசு, கனேடியன் ஷீல்டுன்னு நாட்டுல கிட்டத்தட்ட பாதி இதுதான். ஆனா தனித்தனிக் குன்று எல்லாம் பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டர்தான், இந்த மேப்புல 100 மீட்டர்னா 0.2 மில்லிமீட்டர், பிளாஸ்டிக்கோட சொரசொரப்பே அத விட ஜாஸ்தி. ஒன்டாரியோவத் தாண்டவே எங்களுக்கு மூணு நாள் ஆச்சு, முழுக்க ஏத்த இறக்கம், விரல வச்சா வழவழன்னு மூணு செகண்ட்ல தாண்டிருது.

தண்டர் பே தாண்டி ஒரு போர்டு இருக்கு, இதுக்கு அந்தப் பக்கம் விழுற தண்ணியெல்லாம் ஆர்க்டிக் கடலுக்குப் போகுதுன்னு. நான் வண்டிய நிறுத்தி இறங்கிப் பாத்தேன், அங்க மலையும் இல்ல ஒண்ணும் இல்ல, ஊசியிலை மரம், கொசு, ஒரு சின்ன மேடு மாதிரி, அதுகூட என் கற்பனையோ என்னமோ. ஒரு பக்கம் விழுற மழை சூப்பீரியர், நயாகரா, எங்க ஊர் ஒன்டாரியோ ஏரி வழியா அட்லான்டிக் போகுது, அந்தப் பக்கம் விழுறது ஹட்சன் விரிகுடா வழியா ஆர்க்டிக்குக்கு. அவ்ளோ பெரிய முடிவ எடுக்குற இடம் பாக்க ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு. மேப்புல அந்த இடத்த நான் கண்ண மூடிக்கிட்டு பல தடவை தேடிட்டேன், கிடைக்கவே இல்ல.

அடுத்தது ப்ரேரி, அதாவது வின்னிபெக்ல இருந்து கால்கரி வரைக்கும் இருக்குற புல்வெளிச் சமவெளி. எல்லாரும் சொல்ற மாதிரி நானும் "மேசை மாதிரி தட்டை"ன்னுதான் சொல்லிட்டு இருந்தேன். வின்னிபெக் பக்கம் அது உண்மைதான், ஒரு காலத்துல அகசிஸ்னு பிரம்மாண்டமான பனி உருகின ஏரி அங்க இருந்துச்சு, அதோட அடித்தரையிலதான் இன்னைக்கு கோதுமையும் கனோலாவும் போடுறாங்க, ஏரி அடித்தளம் தட்டையா இல்லாம எப்படி இருக்கும். ஆனா வின்னிபெக் 239 மீட்டர், ரெஜைனா 577, கால்கரி 1,045. 1,300 கிலோமீட்டர்ல 800 மீட்டர் ஏறி இருக்கோம், வண்டியில ஒருத்தருக்கும் தெரியல! கணக்குப் போட்டா கிலோமீட்டருக்கு ரெண்டடி மாதிரி வருது, அது எப்படி கண்ணுக்குத் தெரியும். எங்களுக்கு அதக் காட்டிக் கொடுத்தது வின்னிபெக்ல வாங்கி பின் சீட்டுல போட்ட சிப்ஸ் பாக்கெட்டு. மெடிசின் ஹாட் வரும்போது அது உப்பி இருந்துச்சு, கால்கரியில இன்னும் உப்பி, லேக் லூயிஸ்ல பலூன் மாதிரி விறைச்சுக்கிச்சு, பசங்க அதப் பிரிக்கவே விடல. அதே மாதிரி கிக்கிங் ஹார்ஸ்ல குடிச்சு முடிச்சு மூடி வச்ச தண்ணி பாட்டில் ஹோப்ல வந்து பாத்தா தானா நசுங்கிக் கிடந்துச்சு, யாரோ மிதிச்ச மாதிரி. இந்த மேப்புல வின்னிபெக்குக்கும் கால்கரிக்கும் உயர வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம், அதுவும் 24 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவி, எந்த விரலுக்கும் பிடிபடாது. அந்தப் பாக்கெட்டோட விலை நாலு டாலர் கூட இல்ல, இந்த ஒரு விஷயத்துல மேப்ப விட அது நல்லா வேலை செஞ்சுது.

கடைக்காரங்க மேல கோபம் இல்ல, 10 மடங்குக்குப் பதிலா 40 மடங்கு பண்ணினா ப்ரேரி ஏத்தம் கைக்குத் தெரியும், ஆனா லோகன் அஞ்சு சென்டிமீட்டர் கொம்பு மாதிரி நிக்கும், ராக்கி பக்கம் கைய வச்சா குத்தும். அது இந்த நாட்டோட பிரச்சனை.

அவங்க மேல சொல்லக்கூடிய குறை வேற. பிரிண்டும் அச்சும் சரியா ஒட்டி உக்காரல. ஷீட்ட சூடு பண்ணி இழுக்கும்போது ரெண்டு மூணு மில்லிமீட்டர் நகந்திருக்கு போல, அதனால ஃப்ரேசர் ஆறு ஒரு இடத்துல பள்ளத்த விட்டு வெளிய வந்து மலைச்சரிவு மேல ஏறிப் போகுது. பொண்ணு பாத்துட்டு "அப்பா, இந்த ஆறு ட்ரெக்கிங் போகுது"ன்னா. 3 மில்லிமீட்டர்னா நிஜத்துல 15 கிலோமீட்டர், சின்னத் தப்பு இல்ல. நான் வாங்கினது மட்டும் இப்படியா எல்லாமே இப்படியான்னு தெரியல, வாங்கினவங்க யாராவது இருந்தா ஃப்ரேசர் கேன்யன் பக்கம் பாத்துட்டுச் சொல்லுங்க.

கலரு அடுத்த குழப்பம். தாழ்வான இடமெல்லாம் பச்சை, உயரமெல்லாம் பிரவுன். உயரத்துக்குத்தான் கலர், ஆனா சின்னப் பசங்களுக்குப் பச்சைன்னா மரம். ஹட்சன் விரிகுடா ஓரமா இருக்குற சதுப்பும், மரமே வளராத ஆர்க்டிக் தீவோட தாழ்வான பகுதியும், வான்கூவர் பக்கத்து வயல்வெளியும் ஒரே பச்சை. சின்னவன் ஆர்க்டிக்கக் காட்டி "இங்க மாடு மேயுமா"ன்னு கேட்டான். கஸ்தூரி எருது மேயும்னு சொல்லி சமாளிச்சேன், அது உண்மையும்தான், ஆனா மேப்ப நம்பி அவன் கேட்டது வேற.

ஏரிக்கு ஆழமே காட்டல, எல்லாம் தட்டையான நீலம். சூப்பீரியரோட தண்ணி மட்டம் கடல விட 183 மீட்டர் உயரம், ஆழம் 406 மீட்டர், அதாவது அடித்தரை கடல் மட்டத்துக்குக் கீழ 223 மீட்டர்ல இருக்கு. வடக்குல கிரேட் ஸ்லேவ் ஏரி 614 மீட்டர் ஆழம், வட அமெரிக்காவுலயே அதான் ஜாஸ்தி. மலைய மேல தூக்கத் தெரிஞ்ச அச்சுக்கு ஏரிய கீழ அமுக்கவும் தெரியும்தானே, ஏன் பண்ணலன்னு தெரியல. பண்ணியிருந்தா ஒன்டாரியோக்காரங்களுக்கும் தொட்டுப் பாக்க ஏதாவது இருந்திருக்கும். இப்ப எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற ஸ்கார்பரோ ப்ளஃப்ஸ், ஏரியில இருந்து 90 மீட்டர் வரைக்கும் நிக்குற செங்குத்து மண் சுவரு, அது கிடையாது. ஹாமில்டன்காரங்க "மவுன்டன்"னு பெருமையா கூப்பிடுற நயாகரா எஸ்கார்ப்மென்ட்ங்கிற நீளமான செங்குத்துச் சரிவும் கிடையாது, அவங்ககிட்ட இந்த மேப்ப காட்டிராதீங்க.

பிளாஸ்டிக் வாசனை ஒரு வாரம் இருந்துச்சு. தூசி சேருது, மலை நடுவுல சேருற தூசிய பழைய டூத் பிரஷ்ஷாலதான் எடுக்கணும், வெயில் படுற சுவத்துல மாட்டாதீங்க.

வாங்கலாமான்னு கேட்டா, எட்டு வயசுக்குக் கீழ பசங்க இருந்தா, இல்ல மேற்கு மலைப் பக்கம் போயிட்டு வந்திருந்தா, வாங்கலாம். போகப் போற பாதைய பிளான் பண்ணத்தான் வேணும்னா வேணாம், அதுக்கு நேச்சுரல் ரிசோர்சஸ் கனடாங்கிற அரசுத் துறையோட 1:50,000 டோப்போ மேப் ஆன்லைன்ல இலவசமாவே கிடைக்குது, கான்டூர் கோடு (ஒரே உயரத்துல இருக்குற இடங்களச் சேக்குற கோடு) படிக்கப் பழகினா ஷீல்டுல ஒவ்வொரு குன்றும் தெரியும். நான் இப்ப மான்ட்ரியல் ரிவர் பக்கத்து ஷீட்ட எடுத்து பிரிண்ட் போட்டு இந்த மேப்புக்குக் கீழயே ஒட்டி வச்சிருக்கேன், கோடெல்லாம் நெருக்கியடிச்சுக்கிட்டு கைரேகை மாதிரி இருக்கு, மேல இருக்குற மேப்புல அதே இடம் மொழுக்குன்னு இருக்கு. அஞ்சுக்கு மூணரை ஸ்டார், அந்த அரை ஸ்டார் அம்மா கோக்கிஹல்லாவக் கண்டுபிடிச்சதுக்கு.

ஆர்டர் பண்றதா இருந்தா ஒண்ணு மட்டும், டெலிவரிக்காரர நிக்க வச்சு, பெட்டியத் திறந்து, இடது மூலையில யூகான் பக்கம் லோகன தடவிப் பாத்துட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க.